அண்ணன் தேடிய தீவு

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகப்போகின்றன. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போன ஜூன் மாதத்து வாரம். புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் என் அண்ணன் படுத்திருந்தார். கணையத்தில் வந்த நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அண்ணி போய் வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. நான் அவரைவிடப் பத்து வயது இளையவள். என் கணவர் இறந்த பிறகு அண்ணனோடு வந்து தங்கிவிட்டேன். அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு போர்த்துகீசியப் பெயர் உண்டு. வெள்ளைக்கார வழியில் வந்தவர்கள் என்பதால் ஊரில் எங்களைச் சட்டைக்கார வீடு என்பார்கள். அப்பாவை பப்பா என்றும் அம்மாவை மமா என்றும் கூப்பிட்டு வளர்ந்தோம். பாட்டனுக்குப் பாட்டன் மதெய்ரா என்ற தீவிலிருந்து கப்பல் தச்சராக வந்து இங்கே இறங்கியவர் என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் போர்த்துகீசியத் தீவு அது. எங்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே மலை எவ்வளவு செங்குத்து, கரும்புத் தோட்டத்துக்கு வாய்க்கால் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தால், போன வாரம்தான் திரும்பி வந்தவர் மாதிரி இருக்கும்.

பெயர் மட்டும் ஒரே மாதிரி நிலைக்கவில்லை. தீவில் அதற்கு முன்னால் ஒரு சின்னச் சொல் தனியாக நின்றதாம். பிரெஞ்சுக்காரர் காலத்து எழுத்தர் அதைப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். தாத்தா காலத்தில் பின்பக்கம் கொஞ்சம் உதிர்ந்தது. பப்பாவின் ரேஷன் கார்டில் ஏறக்குறைய தமிழ்ப் பெயராகவே ஆகிவிட்டது. அண்ணனுக்கு ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, ஓய்வூதியத்துக்கு ஒன்று. ஒருமுறை வங்கியில் இருந்த பெண், "சார், இந்த மூணு பேரும் யாரு?" என்று கேட்டாள். "எல்லாம் நான்தாம்மா. குடும்பத்தோட வந்திருக்கேன்" என்றார் அண்ணன்.

மின்துறையில் ஓய்வு பெற்ற பிறகு அவர் இந்தப் பெயரைப் பின்னோக்கித் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் எப்படி உருமாறியது என்று பொறுமையாக முடிச்சு அவிழ்த்துக்கொண்டே போனார். தச்சரின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. கல்லில் அவர் பெயரும் தீவின் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தத் தச்சருக்கும், எங்கள் குடும்பத்தில் நிச்சயமாகத் தெரிந்த முதல் ஆளுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. அந்த ஆள் தச்சரின் மகன்தானா என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் தீவுக்கே எழுதிப் பார்த்தார். மரியாதையாகப் பதில் வந்தது, விவரம் இல்லை. எச்சிலை அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் பரிசோதனை இருக்கிறதே என்று நான் ஒருநாள் சொன்னேன். "நம்ம முப்பாட்டன நான் எச்சில் துப்பியா தேடணும்?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பச்சை கலந்த பழுப்புக் கண்கள். பள்ளியில் பூனைக்கண்ணா, பறங்கி என்று கூப்பிட்டுத் துரத்துவார்களாம். ஒருநாள் அழுதுகொண்டே வந்தவரிடம் பப்பா, "அது மதெய்ராக் கண்ணு. அவங்களுக்கு வருமா?" என்று கேட்டாராம். அன்றைக்கு அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டதுதான். பிறகு யார் கேலி செய்தாலும் அவருக்கு வலிக்கவில்லை. "நான் கப்பல்ல வந்தவன்டா" என்று திருப்பிச் சொல்வாராம். முக்கியமாக மீனவக் குப்பத்துப் பையன்களிடம்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது இது.

"பேரு என்னோட முடியுது. எங்க ஆரம்பிச்சதுன்னாவது தெரிஞ்சிட்டுப் போறேன்."

கல் வெட்டுபவரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். தீவில் இருந்த முழுப் பெயரும், தீவின் பெயரும் தன் கல்லறைக் கல்லில் இருக்க வேண்டும். ஆனால் நிச்சயமாகத் தெரிந்தால்தான். "பொய்யக் கல்லுல வெட்டக் கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் தேதி தப்பாம எழுதறவளாச்சே. நீ பாத்துக் குடு" என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கம். எதையும் தேதியோடு சொல்வேன். வீட்டில் அதை வைத்துக் கேலி செய்வார்கள். அன்று அவர் கேலி செய்யவில்லை.

"கண்டுபிடிச்சுத் தரேண்ணா" என்றேன்.

இரண்டு மாதம் அலைந்தேன். காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்து, முதுகில் புண் வராமல் இருக்கப் பவுடர் தடவி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை உட்கார வைத்துக் கிளம்புவேன். மாதா கோயில் அலுவலகத்தில் ஒரு வயதான ஊழியர் எனக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. அந்தக் காலத்துல ஞானஸ்நானம் வாங்குறப்ப ஞானத்தகப்பன் பேரையே வெச்சிடுவாங்க. வூட்டு வேலைக்காரங்களுக்கு எஜமான் பேரு வந்திடும். பேரு ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணுன்னு சொல்ல முடியாது."

நான் இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தவுடன், "இன்னிக்கி?" என்று கேட்பார். "இன்னும் பாக்கணும்ணா" என்பேன். அவர் கேட்கும் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் புருவத்தை மட்டும் தூக்கிக் கேட்டார். நானும் தலையை மட்டும் ஆட்டினேன்.

தடைக்காலம் முடிந்த அந்த வாரம் மீன்காரம்மா வந்தார். வைத்திக்குப்பத்துக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்களுக்கு அவர்தான் மீன் தருகிறார். அவருக்கு முன்னால் அவர் அம்மா. இத்தனை வருடத்தில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. படியிலேயே உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவார்.

"பாப்பா, வஞ்சிரம் எடுத்தாந்திருக்கேன். மொத வலை மீனு" என்று அன்னக்கூடையை இறக்கினார்.

அண்ணன் இனி மீன் சாப்பிடமாட்டார் என்று சொன்னேன். தடைக்காலத்தில் வராததால் மீன்காரம்மாவுக்கு இரண்டு மாதமாக எங்கள் வீட்டுச் செய்தி எதுவும் தெரியாது. கூடையைத் துணியால் மூடினார். பிறகு குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, "நான் ஒரு தபா பாக்கலாமா?" என்று கேட்டார். அழைத்துப் போனேன்.

அண்ணன் கண் திறந்தார். மீன்காரம்மாவைக் கிண்டல் செய்வது அவருக்கு ஒரு வழக்கம். அந்த நிலைமையிலும் விடவில்லை.

"வாங்க மதாம். படுக்கையில இருக்கறவன்கிட்ட விலை பேச வந்திருக்கீங்களா?"

"உங்ககிட்ட எப்ப நான் விலை பேசினேன் தம்பி? நீங்க சொல்றதுதான விலை" என்று சிரித்தபடி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஸ்டூலில் குவிந்திருந்த காகிதங்களைப் பார்த்து, "ஒடம்பு இப்பிடி இருக்கறப்ப இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

அண்ணன் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி, விட்டுவிட்டுச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள் யார், அவர் அந்தக் கப்பல் தச்சரின் பிள்ளைதானா என்று தேடுவதாகவும், அந்த ஒரே ஓர் இடம் மட்டும் தெரியவில்லை என்றும் சொன்னார். "அது தெரிஞ்சா நிம்மதியா போயிடுவேன்."

மீன்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"மெய்யாவே நிம்மதியா இருக்குமா தம்பி?"

"இருக்கும்."

"அப்ப சொல்லிடறேன். உங்க தாத்தாவுக்கு எங்க தாத்தா குடுத்த வாக்கு. வெளிய சொல்லாதீங்க, பசங்களுக்கு வெள்ளக்காரன்கிட்ட உத்தியோகம் கெடைக்காம போயிடும்னு கேட்டுக்கினாராம். நாங்களும் சொல்லல. இப்ப அவங்களும் இல்ல, அந்த உத்தியோகமும் இல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குப்பத்தில் அண்ணன் தம்பி இருவர். அந்தக் காலத்தில் கப்பல்கள் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் சாமான் இறக்க வேண்டும். தம்பி அப்படிப் படகு தள்ளியவர். படகுகளைப் பழுது பார்க்கத் தச்சரிடம் வேலைக்குப் போனார். "அந்த ஆசாரிக்குப் புள்ளகுட்டி கெடயாது. இவரையே தலையில தண்ணி ஊத்தி, தன் பேரக் குடுத்து, கூட வெச்சிக்கினாரு. அண்ணங்காரரு குப்பத்துலயே இருந்துட்டாரு. அண்ணங்காரரு வழி நாங்க. தம்பிக்காரரு வழி நீ."

அதுவரைக்கும் எங்களை 'நீங்க' என்றே பேசியவர் அவர். அந்த 'நீ' அண்ணன் காதில் விழுந்ததை நான் பார்த்தேன்.

"இதெல்லாம் நிஜம்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "உங்கப்பா செத்தப்ப எங்க அப்பா ஊட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போவல பாப்பா. காரியம் முடியற வரைக்கும் எங்களுக்குத் தீட்டு. உங்கம்மாவுக்கும் அப்பிடித்தான். அண்ணிக்கும் அப்பிடித்தான். பங்காளி செத்தா பின்ன எப்பிடிப் போவ முடியும்?"

எனக்கு உடனே நினைவு வந்தது. பப்பா இறந்தபோது மீன்காரம்மா பல நாள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. "சாவு வீட்டுத் தீட்டு அவங்களுக்கு ஆகாது போல. ஒரு எட்டு வந்து விசாரிக்கக் கூட இல்ல பாரு" என்று மமா குறைபட்டுக்கொண்டார். மமா இறந்தபோது அதையே நான் அண்ணியிடம் சொன்னேன். எங்கள் தீட்டு பட்டுவிடும் என்று அவர்கள் ஒதுங்கி நிற்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது அவர்களுக்கும் சொந்தமான தீட்டு என்று நினைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு கதைக்காக யாரும் இத்தனை சாவுக்கும் வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அந்த இடத்திலேயே நான் நம்பிவிட்டேன்.

அதோடு அவர் எழுந்து போயிருந்தால் ஒருவேளை அண்ணன் தாங்கியிருப்பார். மீன்காரம்மா ஆறுதலாகத்தான் அவர் நெற்றியைத் தடவினார். தடவியபடி சொன்னார்.

"எங்க அப்பாருக்கும் இதே கண்ணுதான் தம்பி. குப்பத்துல பூனைக்கண்ணருன்னு சொன்னாத்தான் தெரியும். உன்னப் பாக்கறப்பல்லாம் அவரு ஞாபகம் வந்திடும். அதுக்குத்தான் உன் ஊட்டுக்குன்னு நல்ல மீனா பாத்துத் தனியா எடுத்து வெப்பேன்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று மீன்காரம்மா நினைத்தார். என் கையைப் பிடித்து, "கவலப்படாத பாப்பா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வஞ்சிரத்தை எனக்காக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வாசல் கதவு மூடும் சத்தம் கேட்டதும் அண்ணன் சொன்னார். "அந்த மீன எடுத்து வெளிய போடு."

மறுநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அறுபத்து மூணு வருஷமா நான் யாரா இருந்தேன்?"

"என் அண்ணனா இருந்தீங்க" என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் முதலில் சந்தோஷம் வரவில்லை. முகம் கழுவும்போது கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரோ உயரத்திலிருந்து கை கொடுத்து ஏற்றி வைத்து, பிறகு இறங்கு என்று சொன்னது போல இருந்தது. ஆனால் நான் கல்யாணமாகி வேறு பெயருக்குப் போனவள். அந்தத் தீவு எனக்கு ஒரு குடும்பக் கதை. அண்ணனுக்கு அது அடி விழும்போதெல்லாம் போட்டுக்கொண்ட சட்டை. சாகக் கிடப்பவரின் உடம்பிலிருந்து அதை உருவியாகிவிட்டது. உருவியவர் அன்பினால் உருவினார். அதனால் கோபப்படவும் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். கோயில் அலுவலகத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போகாமல், கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பினேன். செருப்பைக் கழற்றும்போதே மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னேன்.

"அண்ணா, பாத்துட்டேன். அந்தத் தச்சருக்குச் சொந்தப் பிள்ளையே இருந்திருக்கு. நம்ம ஆளு அவருதான். மீன்காரம்மா சொன்னது வேற ஏதோ குடும்பம்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாகக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"தேதி என்னா?"

எத்தனையோ யோசித்தவள் ஒரு தேதியை யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு தேதி கூட வாயில் வரவில்லை.

"தேதியில்லாம நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே" என்றார். அதில் கோபம் இல்லை. ஏதோ நான்தான் நோயாளி என்பது போல என் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு விஷயம் சொன்னார். கல் வெட்டுபவருக்குச் சொல்லிவிட வேண்டும், கல் வேண்டாம். இன்னொன்று, "நான் போனா அவங்க யாரும் உள்ள வரக் கூடாது. இது ஒண்ணாவது எனக்காகச் செய்."

"அவங்க என்னண்ணா தப்பு பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. எனக்கு அவங்கள தெரியாது. அவ்வளவுதான்."

மீன்காரம்மா அதற்கு அடுத்த நாளே வந்தார், கையில் மீன் இல்லாமல். அண்ணன் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று வாசலிலேயே சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் சொன்னது தப்பா பூடிச்சா பாப்பா?" என்று கேட்டார். அவர் திரும்பி நடந்தார். பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. உள்ளே அண்ணன் விழித்துக்கொண்டிருந்தார்.

பங்குச் சாமியார் வந்து, எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் மந்திரங்களுக்கு முணுமுணுத்துப் பதில் சொன்னார், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்காகவும் அவர் அதிகமாகக் கண் திறக்கவில்லை. நான் தண்ணீர் கொடுக்கும்போது கூட மூடியே வைத்திருந்தார். ஒருநாள் காலை எட்டு மணி வாக்கில் மூச்சு நின்றது. மீன்காரம்மா எங்கள் நடு அறையில் உட்கார்ந்துவிட்டுப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் பிரான்சில் இருக்கிறார்கள். செல்பேசியில் பார்த்து அழுதார்கள். வீட்டில் கூட்டம் இல்லை. பெட்டியைத் தூக்கக் கோயில் சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் ஓய்வு பெற்றவர்கள். எங்கள் வீட்டு நடை குறுகலானது. வாசலில் படிகள் செங்குத்தாக இறங்கும். பெட்டி வெளியே வரும்போதுதான் எதிர்ச்சாரியைப் பார்த்தேன்.

மீன்காரம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி மகன்களும் அவர்கள் சித்தப்பா வழி ஆண்களும், ஆறேழு பேர். எல்லோருக்கும் தலை ஈரம். இரண்டு மாதம் கரையில் கிடந்துவிட்டு ஊரே கடலுக்குப் போயிருந்த நேரம் அது. அவர்கள் போகவில்லை. தெருவின் பாதி வரைக்கும் கூட வரவில்லை. கால்வாய் ஓரமாகவே நின்றார்கள்.

இரண்டாவது படியில், முன்னால் பிடித்திருந்தவருக்கு முட்டி மடங்கிவிட்டது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "பிடி, பிடி" என்று யாரோ சொன்னார்கள். பிடிக்க வேறு ஆள் இல்லை. சாமியார் என்னைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் ஆண்கள் எல்லோரும் மீன்காரம்மாவைப் பார்த்தார்கள். மீன்காரம்மா என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்ற அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேரத்தைக் கவனிப்பது என் வழக்கம், அன்று கவனிக்கவில்லை.

கையைத் தூக்கி அவர்களைக் கூப்பிட்டேன்.

அவர்கள் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சபைக்காரர்களிடமிருந்து பெட்டியை வாங்கினார்கள். தினமும் படகு தள்ளும் தோள்கள். பெட்டி ஒரே மட்டத்தில் எழுந்தது. வண்டி வரைக்கும், பிறகு கல்லறை வாசலிலிருந்து குழி வரைக்கும் அவர்கள்தான் கொண்டு போனார்கள். சிலுவையில் பெயர் எழுதுபவர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, அதிலிருந்தபடியே எழுதினார். அண்ணன் மிகவும் வெறுத்த எழுத்துக்கூட்டல் அது. அதை மாற்றச் சொல்ல என்னிடம் வேறு பெயர் இல்லை.

குப்பத்தில் அவர்கள் காரியம் முடித்த மறுநாள் மீன்காரம்மா வந்து உள்ளே உட்கார்ந்தார். கடற்கரையில் அண்ணனுக்குத் தங்கள் வழக்கப்படி எல்லாம் செய்துவிட்டதாகச் சொன்னார். "உன் கோயிலுக்கு ஒண்ணும் தப்பு இல்லியே பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காரியம் பண்றவரு எந்தக் குடும்பம்னு கேட்டாரு. உங்க பேரு எங்க வாயில எங்க நொழையுது? பூனைக்கண்ணரு வகையறான்னு சொல்லிட்டோம்" என்றார். சொல்லிவிட்டு, ஒரு பெரிய பொறுப்பை முடித்தவர் போலக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றேன். தீட்டுக்காகக் கடலுக்குப் போகாமல் நின்றதால் தம்பி மகன்களில் பாதிப் பேருக்கு அந்தப் பருவத்தில் படகில் இடம் போய்விட்டது, உரிமையாளர் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டார் என்பது பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

இப்போது அவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார். போகப் போக அந்த வீட்டுப் பெண்களோடும் பழகிவிட்டேன். தனியாக நின்றுவிடுவாயோ என்று பயந்தோம், கடவுள் ஒரு குடும்பத்தையே கொடுத்துவிட்டார் பார் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம், அண்ணனுக்குப் பிடிக்காத இடத்தில் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவது போல இருக்கிறது. அவர் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, பெயர் எங்கே ஆரம்பித்தது என்பது; அது அவருக்கு வேண்டாத விதத்தில் கிடைத்தது. இன்னொன்றை நான் எல்லோர் முன்னாலும் மீறினேன். இன்னொரு முறை அந்தப் படி, அந்தப் பெட்டி, அந்த மனிதர்கள் என்று வந்தால் அப்படித்தான் செய்வேன் என்று தோன்றுகிறது. அதுவும் ஆறுதலாக இல்லை.

யாராவது தங்கள் பூர்வீகத்தைத் தேடுவதாகச் சொன்னால், உதவுகிறேன் என்று முன்போல உடனே என் வாய் சொல்வதில்லை. கிடைப்பது எதுவானாலும் அதோடு பழகிக்கொள்ள மனிதனுக்குக் காலம் வேண்டும், என் அண்ணனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.